விசிறியற்ற பெட்டிக்குள் எந்தச் செயலி? குறைமின் செயலிகளும் மேசைக்கணினிச் செயலிகளும்: ஒரு வரலாற்று ஆய்வு

ஏ.டி.எம். இயந்திரத்துக்குள், மருத்துவமனை ஸ்கேன் கருவிக்குள், தொழிற்சாலைக் கன்வேயரை இயக்கும் இரும்புப் பெட்டிக்குள் ஒரு கணினி இருக்கிறது. அதை யாரும் கணினி என்று எண்ணுவதில்லை. இரவும் பகலும் ஓட வேண்டும், தூசியிலும் வெயிலிலும் நிற்க வேண்டும், பத்து ஆண்டுகள் கழித்துப் பழுதானாலும் அதே போர்டு கிடைக்க வேண்டும். இத்தகைய உட்பொதி கணினிகளை வடிவமைப்பவர்கள் முன் நெடுங்காலமாக ஒரு கேள்வி நிற்கிறது: சில வாட்டில் ஓடும் குறைமின் செயலியா, பல்லாயிரம் பேர் வீட்டில் பயன்படுத்தும் மேசைக்கணினிச் செயலியா? பெரும்பாலோர் இரண்டின் விவரத்தாளிலும் உள்ள வாட் எண்ணை அருகருகே வைத்துப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். அந்த எண் எங்கிருந்து வந்தது, எதை அளக்கிறது, எதை அளக்காமல் விடுகிறது என்பதை வரலாற்றின் வழியே காட்டுவது இக்கட்டுரையின் நோக்கம்.

மூத்தது எது?

மேசைக்கணினிச் செயலியே மூலம், உட்பொதி செயலி அதன் சிறு வடிவம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. உண்மை நேர்மாறானது. 1971-இல் இன்டெல் வெளியிட்ட 4004, ஜப்பானின் பிசிகாம் நிறுவனம் கேட்ட கணக்குப்பொறிக்காகச் செய்யப்பட்டது. சுமார் 2,300 டிரான்சிஸ்டர்கள் கொண்ட அந்தச் சில்லின் முதல் வேலையே ஒரு கருவிக்குள் மறைந்து உட்கார்வதுதான். ஐ.பி.எம். பி.சி. மேசைக்கு வந்தது 1981-இல். அதற்குள் நினைவகத்தையும் உள்ளீடு-வெளியீட்டு வாயில்களையும் ஒரே சில்லில் சேர்த்த 8048 (1976), 8051 (1980) ஆகிய நுண்கட்டுப்படுத்திகள் வந்துவிட்டன.

எனினும் அடுத்த இருபது ஆண்டுகளில் இன்னொரு வழக்கம் நிலைத்தது. மேசையில் ஓய்வுபெற்ற செயலிகள் கருவிகளுக்குள் குடியேறின. 1985 அக்டோபரில் அறிமுகமான 386, கணினிக் கடைகளில் இருந்து மறைந்து பல்லாண்டுகள் ஆன பின்பும் உட்பொதி சந்தைக்காகத் தொடர்ந்து தயாரிக்கப்பட்டு, 2007 செப்டம்பரில்தான் நிறுத்தப்பட்டது. 1999 டிசம்பரில் ஹபிள் விண்தொலைநோக்கியைப் பழுதுபார்க்கச் சென்ற விண்வெளி வீரர்கள் அதில் பொருத்திய புதிய கணினி 25 மெகாஹெர்ட்ஸ் 486. அப்போது மேசைகளில் பென்டியம் 3 ஓடிக்கொண்டிருந்தது. குணம் நன்கு தெரிந்த, கதிரியக்கத்தைத் தாங்குமெனச் சோதிக்கப்பட்ட ஒன்றே அங்கே வேண்டும். இந்தக் கட்டத்தில் குறைமின் என்பது தனியான வடிவமைப்புக் கொள்கை ஆகவில்லை. பழைய சில்லு இயல்பாகவே குறைவாக மின்சாரம் எடுத்தது, அவ்வளவே.

கேம்பிரிட்ஜில் நடந்தது

குறைமின் வடிவமைப்பின் தனி மரபு இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில், ஏகார்ன் என்ற சிறு கணினி நிறுவனத்தில் தொடங்கியது. சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் 1983-இல் தங்களுக்கென ஒரு செயலியை வரையத் தொடங்கினார்கள். அவர்கள் மனத்தில் இருந்ததும் மேசைக்கணினிதான், கைக்கருவி அல்ல. பீங்கான் உறை விலை அதிகம். பிளாஸ்டிக் உறையில் வைத்தால் மலிவு, ஆனால் சில்லு ஒரு வாட்டுக்கு மேல் சூடு கக்கக் கூடாது. அந்த வரம்பைத் தாண்டிவிடக் கூடாது என்று அளவுக்கு மீறியே எச்சரிக்கையாக இருந்தார்கள். விளைவு, சுமார் 25,000 டிரான்சிஸ்டர்கள் கொண்ட ஆர்ம்-1, ஏறத்தாழ ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கிலேயே ஓடியது.

1985 ஏப்ரல் 26 அன்று முதல் சில்லு கையில் கிடைத்து, அன்றே இயங்கியது. மின்னோட்டத்தை அளக்க ஃபர்பர் மீட்டரை இணைத்தபோது அது பூஜ்யம் காட்டியது. காரணத்தைத் தேடினால், சோதனைப் போர்டில் இருந்த பிழையால் சில்லின் மின்வழங்கு கால்களுக்கு மின்சாரமே போய்ச் சேரவில்லை. உள்ளீட்டுக் கால்கள் வழியே வந்த சமிக்ஞைகளில் இருந்து கசிந்த மின்சாரத்திலேயே அது நிரல்களை ஓட்டிக்கொண்டிருந்தது. பின்னாளில் உலகின் கைபேசிகள் அனைத்தும் சாய்ந்து நிற்கப்போகும் பண்பு, உறையின் விலையை மிச்சம்பிடிக்கும் முயற்சியில் பிறந்தது என்பதை நான் இந்த வரலாற்றின் மிக முக்கியமான உண்மையாகக் கருதுகிறேன்.

1990 நவம்பரில் ஏகார்ன், ஆப்பிள், வி.எல்.எஸ்.ஐ. டெக்னாலஜி மூன்றும் சேர்ந்து ஆர்ம் நிறுவனத்தைத் தொடங்கின. 1994-இன் ஆர்ம்7டிடிஎம்ஐ கைபேசிகளுக்குள் நுழைந்தது.

26 வாட்டில் இருந்து அரை வாட்டுக்கு

இரு மரபுகளையும் ஒரே தராசில் வைத்துப் பார்க்க ஓர் அரிய வாய்ப்பை டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் அளித்தது. தம் காலத்தின் வேகமான செயலிகளில் ஒன்றான ஆல்ஃபா 21064-ஐச் செய்த அதே நிறுவனம்தான், டேன் டாபர்புல் முதலியோரின் முயற்சியில், 1996-இல் ஸ்ட்ராங்ஆர்ம் எஸ்.ஏ.-110-ஐயும் செய்தது. 160 மெகாஹெர்ட்ஸில் அரை வாட்! ஆல்ஃபாவோ 200 மெகாஹெர்ட்ஸில் 26 வாட் எடுத்தது. 26 எப்படி அரையானது என்பதை வடிவமைப்பாளர்களே படிப்படியாகக் கணக்குக் காட்டியிருக்கிறார்கள். மின்னழுத்தத்தை 3.45 வோல்ட்டில் இருந்து 1.5-ஆகக் குறைத்ததில் 5.3 மடங்கு மிச்சம். 26 வாட் 4.9 ஆயிற்று. செயல்பகுதிகளைக் குறைத்ததில் 3 மடங்கு; 1.6 வாட். சிறிய டிரான்சிஸ்டர்கள் கொண்ட தயாரிப்பு முறைக்கு மாறியதில் 2 மடங்கு, 0.8. செயலிக்குத் தாளம் தரும் கடிகாரத் துடிப்பைச் சில்லெங்கும் கொண்டுசெல்லும் கம்பிகளின் சுமையைக் குறைத்ததில் 1.3 மடங்கு, 0.6. துடிப்பு வேகத்தையே 200-இல் இருந்து 160-ஆக இறக்கியதில் 1.25 மடங்கு; 0.5.

இந்தப் பட்டியலைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். பொதுவாக நாம் முதலில் நினைக்கும் வழி, அதாவது வேகத்தைக் குறைப்பது, இங்கே கடைசியில், மிகச் சிறிய பங்குடன் நிற்கிறது. பெரும் பங்கு மின்னழுத்தத்துக்கு. சில்லின் மின்திறன் துடிப்பு வேகத்துக்கு நேர்விகிதத்திலும் மின்னழுத்தத்தின் இருமடிக்கு நேர்விகிதத்திலும் அமைகிறது, 3.45-ஐ 1.5-ஆல் வகுத்து இருமடியாக்கினால் 5.3 வந்துவிடும். ஆக, குறைமின் செயலி என்பது மெதுவாக ஓடவைத்த பெரிய செயலி அல்ல. குறைந்த மின்னழுத்தத்தில் ஓடும்படியும் தேவையற்ற பகுதிகள் இல்லாதபடியும் முதலில் இருந்தே வரையப்பட்ட ஒன்று.

பந்தயமும் அதன் முறிவும்

மேசைக்கணினி உலகம் இந்தப் பாடத்தை அப்போது கேட்கும் நிலையில் இல்லை. 2000 நவம்பரில் வந்த பென்டியம் 4 துடிப்பு வேகத்தை ஏற்றுவதற்கென்றே வரையப்பட்டது. டிரான்சிஸ்டர் சுருங்கச் சுருங்க மின்னழுத்தமும் குறைந்து வெப்பம் கட்டுக்குள் நிற்கும் என்பது, 1974-இல் ஐ.பி.எம்.மின் ராபர்ட் டென்னார்டும் சகாக்களும் வகுத்த விதி. 90 நானோமீட்டர் அளவில் கசிவு மின்னோட்டம் பெருகி அந்த விதி கைவிட்டது. 2004 பிப்ரவரியில் வந்த, கட்டளைகளை 31 கட்டமாகப் பிரித்துச் செய்யும் பைப்லைன் கொண்ட பிரெஸ்காட் என்ற புதிய பென்டியம் 4, 100 வாட்டைத் தாண்டியது. அடுத்து வரவிருந்த டெஹாஸ் அதே ஆண்டு மே மாதத்தில் கைவிடப்பட்டது.

மீட்பு மடிக்கணினியின் பக்கத்தில் இருந்து வந்தது. இஸ்ரேலின் ஹைஃபாவில் இருந்த இன்டெல் குழு வரைந்த பென்டியம் எம், 2003 மார்ச்சில் 1.6 கிகாஹெர்ட்ஸில் 24.5 வாட் வரம்புக்குள் வந்தது. தன்னைவிட மிக அதிகத் துடிப்பில் ஓடிய பென்டியம் 4-க்குப் பல வேலைகளில் அது ஈடு கொடுத்தது. தொழிற்சாலைக் கணினி செய்வோர் அதை உடனே பற்றிக்கொண்டார்கள். 2006-இல் மேசைக்கு வந்த கோர் 2 அந்தக் குழுவின் வழிவந்ததுதான். குறைமின் மரபு மேசையைத் திருத்திய முதல் நிகழ்ச்சி இது.

இதே ஆண்டுகளில் தைவானின் வியா நிறுவனம் 17 செ.மீ. சதுர மினி-ஐ.டி.எக்ஸ். போர்டுகளையும் விசிறி வேண்டாத ஈடன் செயலிகளையும் கொண்டுவந்தது. ஏ.எம்.டி. 2003-இல் நேஷனல் செமிகண்டக்டரிடம் இருந்து ஜியோட் வரிசையை வாங்கியது. மேசைக்கணினிகளுக்கான எக்ஸ்86 நிரல்கள் சில வாட்டில் ஓடும் என்று காட்டியவை இவையே.

ஆட்டமும் அதன் பக்கத்துச் சில்லும்

2008-இல் இன்டெல்லின் ஆட்டம் என்ற குறைமின் செயலி வரிசை வந்தது. அந்த ஆண்டு விற்பனையான டி945ஜிசிஎல்எஃப் என்ற சிறு மதர்போர்டை எடுத்துப் பாருங்கள். அதில் இரண்டு வெப்பத்தகடுகள் தெரியும். ஒன்றின் மேல் மட்டும் விசிறி சுழலும். செயலி அதற்கடியில்தான் இருக்கும் என்று எவரும் நினைப்பார்கள்; அப்படியில்லை. 4 வாட் ஆட்டம் 230, விசிறியே இல்லாத சின்னத் தகட்டின் அடியில் இருந்தது. விசிறி குளிர்வித்தது 945ஜிசி சிப்செட்டை, அதாவது செயலிக்குத் துணைநிற்கும் பக்கத்துச் சில்லை. அதன் வெப்ப வரம்பு 22 வாட்! மலிவாக முடிக்க, பழைய மேசைக்கணினிச் சிப்செட்டையே கூட்டுச் சேர்த்திருந்தார்கள். செயலியின் 4 வாட் விளம்பரத்தில் இடம்பெற்றது. மின்கட்டணத்தில் இடம்பெற்றது மொத்தப் போர்டு. அடுத்த தலைமுறை ஆட்டம் நினைவகக் கட்டுப்பாட்டையும் வரைகலைப் பகுதியையும் செயலிக்குள்ளேயே இழுத்துக்கொண்ட பிறகே கணக்கு நேரானது.

இதில் இருந்து பெறப்படும் முதல் விதி, மொத்தப் போர்டையும் அளக்க வேண்டும் என்பது. இரண்டாவது, வாட் என்பது ஒரு நொடியின் கணக்கு. நமக்கு வேண்டியது வேலை முழுவதற்குமான ஆற்றல். எடுத்துக்காட்டாக, ஒரு நிமிடத்துக்கு ஒரு முறை படத்தைப் பகுத்தாயும் கருவி ஒன்றைக் கொள்வோம். 10 வாட் போர்டு அதை முடிக்க முழு 60 நொடி எடுத்தால் 600 ஜூல். 60 வாட் போர்டு 8 நொடியில் முடித்தால் 480 ஜூல்தான். வேகமானதே சிக்கனம் என்று தோன்றும். மீதி 52 நொடியும் அது சும்மா இருக்கும்போது 20 வாட் இழுத்தால் இன்னும் 1,040 ஜூல் சேர்ந்து, மொத்தம் 1,520 ஆகிவிடும். சும்மா இருக்கும்போது 2 வாட் மட்டுமே எடுத்தால் 584-இல் முடிந்து, அதுவே வெல்லும். வேகமாக முடித்துவிட்டு உறங்கு என்ற உத்தி, உறக்கம் ஆழமாக இருந்தால் மட்டுமே பலிக்கும். ஆண்டு முழுதும் ஓடும் கருவியில் 1 வாட் என்பது 8.76 யூனிட். 20 வாட் வீண் என்றால் 175 யூனிட்.

நேரமும் ஆயுளும்

வாட் சொல்லாத வேறொன்றும் உண்டு. வெட்டும் இயந்திரத்தின் மோட்டாரை நிறுத்தும் கட்டளை சராசரியாக வேகமாகப் போவது போதாது. மிக மோசமான நிலையிலும் குறித்த நேரத்துக்குள் போய்ச்சேர வேண்டும். மேசைக்கணினிச் செயலியின் வேகம் கேஷ் நினைவகத்தையும் முன்கணிப்பையும் நம்பியது. கணிப்பு சரியானால் பாய்ச்சல், தவறினால் தாமதம். 1990-இல் 386எஸ்.எல். செயலியுடன் வந்த அமைப்பு மேலாண்மை நிலை மின்சாரத்தைச் சேமிக்கவென்றே சேர்க்கப்பட்டது. இயங்குதளத்துக்குத் தெரியாமல் செயலியை அது தன்வயப்படுத்திக்கொள்ளும் என்பதால், நிகழ்நேரக் கட்டுப்பாட்டு நிரல் எழுதுவோருக்கு இன்றுவரை அது தீராத தலைவலி. மாறாக, நுண்கட்டுப்படுத்திகளுக்கென 2004-இல் அறிவிக்கப்பட்ட ஆர்ம் கார்டெக்ஸ்-எம்3, வெளியில் இருந்து வரும் குறுக்கீட்டுக்கு 12 துடிப்பில் பதில் சொல்லத் தொடங்கிவிடும். பன்மடங்கு டிரான்சிஸ்டர் கொண்ட மேசைச் செயலியால் இந்த உறுதியைத் தர இயலாது.

குறைமின் என்றால் நீண்ட ஆயுள் என்பதும் தானாக வருவதில்லை. ஆட்டம் சி2000 வரிசையில் துடிப்பு வெளியீட்டுச் சுற்று காலப்போக்கில் செத்துப்போகும் பிழை 2017-இல் வெளிவந்தது. வலையமைப்புக் கருவிகளில் அமைதியாக ஓடிக்கொண்டிருந்த போர்டுகள், ஒருமுறை அணைத்தால் மீண்டும் எழாத நிலைக்கு வந்தன. அதிகம் சூடாகாத செயலிக்குத்தான் இது நேர்ந்தது. மறுபக்கம், மேசைச் செயலியின் பலவீனம் அதன் விசிறி. சில்லு இருபது ஆண்டு நிற்கும். விசிறியின் பேரிங் தூசியில் சில ஆண்டுகளில் தேய்ந்துவிடும்.

இன்று

எல்லைக்கோடு இப்போது வெகுவாக அழிந்துவிட்டது. 2021-இன் கோர் ஐ9-12900கே செயலியில் எட்டுப் பெரிய கருக்களுடன் எட்டுச் சிறிய கருக்களும் உண்டு. அந்தச் சிறிய கருவின் பெயர் கிரேஸ்மாண்ட். ஆட்டத்தின் நேர் வாரிசு. அச்செயலி உச்சத்தில் 241 வாட் இழுக்கும். 2023-இல் வந்த என்100 செயலியில் அதே கிரேஸ்மாண்ட் கருக்கள் நான்கு மட்டும். விவரத்தாளில் 6 வாட். எதிர்த்திசையில், 2012-இல் கைபேசி மின்னேற்றியில் ஓடிய ராஸ்பெரி பை, 2023-இன் ஐந்தாம் தலைமுறையில் 27 வாட் மின்னேற்றி கேட்கிறது. அதற்கென விசிறியும் விற்கப்படுகிறது. சென்னை ஐ.ஐ.டி.யின் சக்தி என்ற செயலித் திட்டமோ, ரிஸ்க்-ஃபைவ் கட்டளைத் தொகுதியில் சிறு கருவிக்கான ஈ வகுப்பையும் அதைவிட வலுவான சி வகுப்பையும் ஒரே குடும்பமாக வரைந்தது.

ஆகவே என் முடிவு இதுதான். மோட்டார், வால்வு, பிரேக் போன்று நேரம் தவறக் கூடாத வேலைக்கு நுண்கட்டுப்படுத்தியே வேண்டும். அங்கே மேசைச் செயலிக்கு இடமில்லை. பெரும்பாலும் காத்திருந்து இடையிடையே கடுமையாக உழைக்கும் வேலைக்கு, சும்மா இருக்கும்போது குறைவாக இழுக்கும் மடிக்கணினி வகைச் செயலி, பெயரளவில் 6 வாட் கொண்ட சில்லையும் வெல்லக்கூடும். ஓயாமல் சிறு வேலை செய்யும் கருவிக்குக் குறைமின் செயலியே சரி. போர்டு விற்கும் நிறுவனங்கள் செயலியின் வாட்டை மட்டும் அச்சிடுவதை விட்டு, மொத்தப் போர்டு சும்மா இருக்கும்போது எவ்வளவு எடுக்கிறது என்பதையும் அதன் பக்கத்தில் அச்சிட வேண்டும். அதுவரை, வாங்கும் முன் ஒரு போர்டை வரவழைத்து, உங்கள் நிரலையே ஓட்டி, மூடிய பெட்டிக்குள் கோடைச் சூட்டில் வைத்து, சுவர் பிளக்கில் அளந்து பாருங்கள்.