காந்தியம் (வவுனியா)

எஸ். ஏ. டேவிட், மருத்துவர் இராஜசுந்தரம் ஆகியோர் 1970களின் பிற்பகுதியில் வவுனியாவைத் தளமாகக் கொண்டு நடத்திய தொண்டு அமைப்பு. இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளர் சமூகமான மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது, வாக்குரிமையும் பறிபோனது. அவர்களுடைய பிள்ளைகளுக்கு எஞ்சியது பொதுக் கல்வியிலிருந்து ஒதுக்கப்பட்ட தோட்டப் பாடசாலைதான். பல இடங்களில் ஒரே ஆசிரியர், ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. 1977 தமிழர் எதிர்ப்புக் கலவரத்தில் துரத்தப்பட்டு வன்னிக்கு வந்த இக்குடும்பங்களைக் காந்தியம் குடியேற்றியது. முன்பள்ளிகள் திறந்து, இளம்பெண்களை ஆசிரியைகளாகப் பயிற்றியது அதன் முக்கியப் பணிகளில் ஒன்று. டேவிட், இராஜசுந்தரம் இருவரும் 1983 ஏப்ரலில் கைதாயினர். ஜூலை 27இல் வெலிக்கடைச் சிறையில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். பின்னர் மட்டக்களப்புச் சிறைக்கு மாற்றப்பட்டு அங்கிருந்து தப்பிய டேவிட் 2015இல் கிளிநொச்சியில் காலமானார். மலையகத் தமிழரில் எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தால்தான் கிடைத்தது.