எண்ணும் எழுத்தும்: ‘நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்’ வரலாறு பற்றி ஒரு மறுவாசிப்பு

லண்டனிலிருந்து 1952 முதல் 2018 வரை அச்சில் வந்த ‘நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்’ (என்.எம்.இ.) வார இதழின் வரலாறு பெரும்பாலும் ஒரே தடத்தில் சொல்லப்படுகிறது. 1970களில் கூர்மையான விமர்சகர்கள் வந்தார்கள், பாப் இசை தீவிரமான பேச்சுக்குரியதாயிற்று, அதுவே இதழின் பொற்காலம். இப்படிச் சொல்பவர்களில் கணிசமானோர் அந்த விமர்சகர்களும் அவர்களுடைய வாசகர்களுமே என்பதைக் கவனிக்க வேண்டும். அந்த விமர்சன எழுத்து செழிப்பில் விளைந்ததன்று, விற்பனைச் சரிவு பெற்ற பிள்ளை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

நொடிந்துபோயிருந்த ‘மியூசிக்கல் எக்ஸ்பிரஸ் அண்ட் அக்கார்டியன் வீக்லி’யை மாரிஸ் கின் என்ற நிகழ்ச்சி அமைப்பாளர் 1,000 பவுண்டுக்கு வாங்கிப் பெயர் மாற்றினார். போட்டி இதழான ‘மெலடி மேக்கர்’ 1926 முதலே களத்தில் இருந்தது. ஜாஸ் கலைஞர்களின் மதிப்பையும் பெற்றிருந்தது. புதிய இதழுக்கு வேறொரு பிடிமானம் தேவைப்பட்டது. விளம்பரப் பொறுப்பிலிருந்த பெர்சி டிக்கின்ஸ் ஏறத்தாழ இருபது இசைத்தட்டுக் கடைகளுக்குத் தொலைபேசியில் பேசி, எந்தத் தட்டு அதிகம் விற்கிறது என்று கேட்டுப் பட்டியலிட்டார். 1952 நவம்பர் 14 இதழில் வெளியான அதுதான் பிரிட்டனின் முதல் ஒற்றைப் பாடல் தட்டு விற்பனைப் பட்டியல். பன்னிரண்டு இடங்கள், சமநிலை காரணமாகப் பதினைந்து தட்டுகள், முதலிடத்தில் அமெரிக்கப் பாடகர் அல் மார்ட்டினோ. அதுவரை பாடலின் செல்வாக்கை அளந்தது அச்சிட்ட இசைக்குறிப்புத் தாள்களின் விற்பனை. வீட்டுப் பியானோவின் இடத்தை இசைத்தட்டு பிடித்துக்கொண்டதை அந்தப் பட்டியல் பதிவுசெய்தது.

பட்டியலைத் தொகுத்தவர் இசை அறிஞரல்லர், விளம்பரம் பிடிப்பவர். அதில் இடம்பெற்ற நிறுவனம் விளம்பரமும் தரும் என்பது அவர் கணக்கு. அறிவியல் முறையில் எடுத்த கணக்கெடுப்பு என்று அதைச் சொல்ல முடியாது. ஆயினும் பிரிட்டனின் அதிகாரபூர்வ வரலாறு 1952 முதல் 1960 வரைக்கும் இந்தப் பட்டியலையே ஏற்கிறது. வணிகத் தந்திரம் ஆவணமாகிவிட்டது.

வாங்கிப் படித்தவர்களின் எண்ணிக்கை உச்சம் தொட்டதும் விமர்சகர்களின் காலத்தில் அன்று. 1964இன் முதல் அரையாண்டில் வாரத்துக்கு 3,06,881 படிகள் விற்றன. பீட்டில்ஸ் அலை அடித்த காலம் அது. ஆசிரியர் ஆண்டி கிரே. இதழில் இருந்தவை செய்தி, படம், பட்டியல், வாசகர் வாக்கெடுப்பு. வாக்கெடுப்பில் வென்றவர்களுக்காக இதழே வெம்ப்லியில் கச்சேரி நடத்தியது. பிரிட்டனில் பீட்டில்ஸ் நுழைவுச்சீட்டு வைத்து நடத்திய கடைசி நிகழ்ச்சியும், 1966 மே 1 அன்று, இந்த மேடையில்தான். ரசிகருக்கு வேண்டியதைக் கொடுத்தார்கள். அதை இழிவாகப் பேசத் தேவையில்லை.

1970களின் தொடக்கத்தில் நிலைமை மாறியது. இசைத்தொகுப்புகளை விரும்பிய ராக் ரசிகர்களை ‘மெலடி மேக்கர்’ ஈர்த்துக்கொண்டது. மீளாவிட்டால் மூடிவிடுவோம் என்ற எச்சரிக்கை நிர்வாகத்திடமிருந்து வந்தது. 1972இல் பொறுப்பேற்ற ஆலன் ஸ்மித்தும், அடுத்து ஆசிரியரான நிக் லோகனும் லண்டனின் மாற்று இதழ்களில் எழுதிக்கொண்டிருந்த நிக் கென்ட், சார்லஸ் ஷார் மரே போன்றவர்களைக் கொண்டுவந்தார்கள். 1976இல் இளம் எழுத்தாளர் தேவை என்ற விளம்பரத்தின் வழியே ஜூலி பர்ச்சிலும் டோனி பார்சன்ஸும் நுழைந்தார்கள். பங்க் இசைக்கு உள்ளிருந்தே பேசும் குரல் கிடைத்தது. துணிச்சலான எழுத்துதான். ஆனால் அந்தத் துணிச்சலுக்கு இடம் கிடைத்தது, இழப்பதற்கு அதிகம் இல்லை என்ற நிலையால்.

1986இல் இதழ் வெளியிட்ட ‘சி86’ ஒலிநாடா இதன் நீட்சி. சிறு நிறுவனங்களின் 22 குழுக்களைத் திரட்டிய அந்த நாடாவின் பெயரே ஒரு பாணியின் பெயராயிற்று. விற்பதை எண்ணத் தொடங்கிய இதழ், பெரிய அளவில் விற்காததைத் தேர்ந்து முன்வைக்கும் இதழாகியிருந்தது.

இணையம் வந்தபின் செய்தி, பட்டியல், பாடல் எல்லாமே வாசகருக்கு வேறு வழியில் கிடைத்தன. விற்பனை 20,000க்கும் கீழே போனது. 2015 செப்டம்பரில் இதழ் இலவசமாயிற்று. ரயில் நிலையங்களிலும் கடைகளிலும் பல்கலைக்கழகங்களிலும் விநியோகித்தார்கள். அடுத்து வந்த தணிக்கைக் கணக்கு 3,07,217. 1964இன் உச்சத்தை விட 336 அதிகம்! இதைச் சாதனை என்று கொண்டாடியவர்கள், 1964இன் எண் காசு கொடுத்தவர்களைக் குறித்தது என்பதையும், 2015இன் எண் விளம்பரதாரருக்குக் காட்டுவதற்கானது என்பதையும் பிரித்துப் பார்க்கவில்லை. விளம்பர வருவாய் செலவுக்கு ஈடுகொடுக்காதபோது, 2018 மார்ச்சில், அவ்வளவு பெரிய எண்ணாலும் அச்சு இதழைக் காப்பாற்ற முடியவில்லை.