சோழன் காதில் விழுந்த பாட்டு

2022ஆம் ஆண்டு அக்டோபரில் 'பொன்னியின் செல்வன்' முதல் பாகத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது நான் ஒரு குறை சொன்னேன். படம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ஏ.ஆர்.ரஹ்மானின் இசை சோழர் காலத்து இசையாக இல்லையே என்று. உடன் வந்த நண்பர் கல்வெட்டுகளில் ஈடுபாடு உள்ளவர், அதிகம் பேசாதவர். "சோழர் காலத்து இசையை நீங்கள் கேட்டிருக்கிறீர்களா?" என்று மட்டும் கேட்டார். கேட்டுவிட்டு வண்டியை எடுக்கப் போய்விட்டார்.

கேலியாக எடுத்துக்கொண்டு மறந்திருக்கலாம். ஆனால் வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தக் கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. என் மனத்தில் 'சோழர் இசை' என்ற பெயரில் ஒலித்துக்கொண்டிருந்தது எது? கூர்ந்து பார்த்தால் அது ஒரு வீணை, ஒரு மிருதங்கம், கொஞ்சம் கல்யாணி, கொஞ்சம் மோகனம். மார்கழிக் கச்சேரியையும் சிறுவயதில் பார்த்த ஏ.பி.நாகராஜன் படங்களையும் கலந்து நானே செய்துகொண்ட ஒன்று. அதற்குச் சோழர் என்று பெயர் வைத்து, அந்த அளவுகோலால் ரஹ்மானை அளந்திருக்கிறேன்.

வரலாற்றுப் படங்களுக்கு நவீன இசை பொருந்துமா என்ற விவாதம் ஒவ்வொரு படத்தின்போதும் எழுகிறது. பொருந்தாது என்பவர்கள் மாற்றாக எதை முன்வைக்கிறார்கள் என்பதை யாரும் கேட்பதில்லை. நானும் கேட்டுக்கொண்டதில்லை.

*

நாம் 'பழையது' என்று நம்பும் கர்நாடக இசையின் உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம். பக்கவாத்தியமாக நாம் இயல்பாக ஏற்றுக்கொண்டுவிட்ட வயலின், முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் (1786–1858) காலத்தில் ஐரோப்பியரிடமிருந்து நமக்கு வந்தது. 24 மெட்டுகள் கொண்ட இன்றைய வீணையின் வடிவத்தைத் தஞ்சை இரகுநாத நாயக்கர் காலத்தோடு, அதாவது 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியோடு, சேர்த்துச் சொல்வது வழக்கம். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற கீர்த்தனை அமைப்பு 15ஆம் நூற்றாண்டின் தாள்ளபாக்கம் புலவர்களுக்குப் பிறகு வளர்ந்து, மும்மூர்த்திகளிடம் முழுமை பெற்றது. 72 மேளகர்த்தாக்களுக்கு அடித்தளமிட்ட வேங்கடமகியின் 'சதுர்தண்டிப் பிரகாசிகை' 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தது.

முதலாம் இராசராசன் ஆண்டது 985 முதல் 1014 வரை. அவனிடமிருந்து வேங்கடமகிக்கு ஏறத்தாழ 650 ஆண்டுத் தொலைவு. வேங்கடமகியிடமிருந்து நமக்கு 400 ஆண்டுகூட இல்லை. கால வரிசையில் கச்சேரி இசை சோழனுக்கு அருகில் இருப்பதைவிட நமக்கு அருகில்தான் இருக்கிறது. 1973இல் வெளிவந்த 'ராஜராஜ சோழன்' படத்துக்கு இசையமைத்தவர் வயலின் மேதை குன்னக்குடி வைத்தியநாதன். அந்த வயலின் இராசராசனுக்கு எவ்வளவு அந்நியமோ அவ்வளவே அந்நியம் ரஹ்மானின் கணினியும். ஒன்று நமக்குப் பழகிவிட்டது, மற்றது பழகவில்லை, வேறுபாடு அவ்வளவுதான்.

இதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு 'திருவிளையாடல்' (1965). அந்தப் படத்தின் பாட்டுப் போட்டியை மறந்த தமிழர் இருக்க முடியாது. வடக்கிலிருந்து வந்த ஹேமநாத பாகவதருக்குப் பாலமுரளிகிருஷ்ணாவின் குரல். விறகுவெட்டியாக வந்த சிவனுக்கு டி.எம்.சௌந்தரராஜனின் குரல். சிவாஜி கணேசனே பல உருவெடுத்து வீணையும் குழலும் மிருதங்கமும் வாசிக்க, கே.வி.மகாதேவன் அமைத்த அந்தப் பாடல் கௌரிமனோகரி ராகத்தில் அமைந்தது. கௌரிமனோகரி 23ஆவது மேளகர்த்தா. அந்த எண்ணும் அந்தப் பெயரும் மேளகர்த்தா முறை வந்த பிறகு ஏற்பட்டவை.

பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தைத் திறந்து விறகு விற்ற படலத்தைப் படித்தால் வேறொரு காட்சி விரிகிறது. பாணபத்திரர் யாழ்வல்லவர். ஏமநாதனும் யாழ்வல்லவன். விறகாளாக வந்த இறைவன் கையில் இருப்பதும் யாழ்தான். அவன் பாடுவது சாதாரிப் பண். படத்தில் அந்த யாழின் இடத்தை வீணை எடுத்துக்கொண்டுவிட்டது, பண்ணின் இடத்தை மேளகர்த்தா எடுத்துக்கொண்டுவிட்டது. பார்த்த நாம் ஒருவரும் எதையும் இழந்ததாக உணரவில்லை. அந்தப் பாடலின் அழகைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமன்று. இன்றும் அது ஒலித்தால் செய்யும் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்பவன் நான். ஆனால் யாழ் என்ற கருவி நம் நினைவிலிருந்து இரண்டாம் முறை மறைந்த இடம் அது என்றும் எனக்குத் தோன்றுகிறது. விபுலாநந்த அடிகள் பல்லாண்டுக் காலம் உழைத்து 'யாழ் நூல்' எழுதித் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேற்றியது 1947இல். அதற்குப் 18 ஆண்டுகள் கழித்து வந்த படம் இது.

*

இது தமிழுக்கு மட்டும் உரிய கதையன்று. கே.ஆசிஃபின் 'முகல்-ஏ-ஆஸம்' (1960) படத்தில் அக்பர் அவையின் தான்சேனுக்குக் குரல் கொடுக்க உஸ்தாத் படே குலாம் அலி கானை நௌஷாத் அழைத்து வந்தார். உஸ்தாத் வேண்டாமென்று மறுப்பதற்காகவே பெருந்தொகை கேட்டதாகவும், ஆசிஃப் உடனே சம்மதித்துவிட்டதாகவும் ஒரு கதை உண்டு. பாடல்கள் அமரத்துவம் பெற்றன. ஆனால் தான்சேன் துருபத் பாடகர். படே குலாம் அலி கான் பாட்டியாலா மரபில் வந்தவர். கயாலும் தும்ரியும் அவருடைய உலகம். கயால் செழித்தது 18ஆம் நூற்றாண்டில் முகம்மது ஷாவின் அவையில், சதாரங்கின் காலத்தில். தும்ரி அதற்கும் பிந்திய லக்னோவின் செல்வம். அக்பரின் அவையில் அவருக்கு ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் வந்த பாணி ஒலித்தது, நாம் அதைத் தொன்மை என்று எண்ணித் தலையாட்டினோம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. தான்சேனுக்குக் கிடைக்காத துருபத், 2023இல் வெளிவந்த 'பொன்னியின் செல்வன்' இரண்டாம் பாகத்தில் சோழனுக்குக் கிடைத்தது. 'வீரா ராஜ வீரா' என்ற பாடல் டாகர் மரபின் துருபத்தைத் தழுவியது. வடநாட்டுப் பழமை தென்னாட்டு மன்னனுக்கு.

உண்மையாகவே தேடிப் போனவர் ஒருவரும் உண்டு. நீரோ மன்னனின் ரோமைக் காட்டும் 'குவோ வாடிஸ்' (1951) படத்துக்கு இசையமைத்த ஹங்கேரியர் மிக்லோஷ் ரோஷா, ரோமானியர் இசை ஏதும் எஞ்சவில்லை என்று கண்டு, எஞ்சியிருந்த கிரேக்கத் துணுக்குகளை நாடினார். அவற்றுள் ஒன்று சீக்கிலோஸ் என்பவரின் கல்லறைத் தூணில் பொறிக்கப்பட்ட மெட்டு. அதை நீரோ பாடும் பாட்டாக ஆக்கினார். பழைய சிற்பங்களைப் பார்த்து இசைக்கருவிகள் செய்வித்தார். ஆனால் தேரோட்டமும் காதலும் வரும்போது ஒலிப்பது 20ஆம் நூற்றாண்டின் பெரிய சிம்ஃபனி வாத்தியக்குழுதான். இன்றைய பார்வையாளனின் நெஞ்சைத் தொட அவருக்கு வேறு வழி தெரியவில்லை.

எதிர்த் திசையில் போனவர்களும் இருக்கிறார்கள். 1924ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கைப் பற்றிய 'சாரியட்ஸ் ஆஃப் ஃபயர்' (1981) படத்துக்கு வான்கெலிஸ் சிந்தசைசரை வைத்து இசையமைத்தார். 1924இல் யாரும் கேட்டிருக்க முடியாத ஒலி அது. ஆனால் கடற்கரையில் ஓடும் அந்த இளைஞர்களின் மூச்சுக்கு வேறோர் இசையை இன்று நம்மால் கற்பனை செய்ய முடியவில்லை. சோஃபியா கப்போலாவின் 'மாரி ஆந்த்வானெத்' (2006) 18ஆம் நூற்றாண்டு வெர்சாய் அரண்மனையில் 1980களின் ராக் பாடல்களை ஒலிக்கவிட்டது. பலர் முகம் சுளித்தார்கள். ஆனால் அயல் தேசத்துக்கு மணம் முடித்து அனுப்பப்பட்ட ஒரு பதின்வயதுப் பெண் என்று அந்த அரசியை நாம் உணர்ந்துகொள்ள அது உதவியது என்பதையும் மறுக்க முடியாது. காலத் துல்லியத்துக்குப் பெயர்போன ஸ்டான்லி குப்ரிக்கும் 'பாரி லிண்டன்' (1975) படத்தில் 18ஆம் நூற்றாண்டுக் காதல் காட்சிக்கு 1827இல் எழுதப்பட்ட ஷூபர்ட்டின் இசையைத்தான் நாடினார்.

*

அப்படியானால் எதுவும் பொருந்தும் என்று சொல்லிவிடலாமா? சொல்ல முடியாது என்றே நினைக்கிறேன். திரைப்படத்தில் இரண்டு வகை இசை உண்டு. கதைமாந்தர்கள் தாமே பாடுவதும் கேட்பதும் ஒன்று. அவர்கள் காதில் விழாமல் நமக்கு மட்டும் கேட்பது மற்றொன்று. பின்னதைப் பொறுத்தவரை வரலாற்றுக்கு எந்த உரிமையும் இல்லை. அது இயக்குநர் நம்மோடு நம் காலத்து மொழியில் பேசும் பேச்சு. கல்கி 1950இல் 'பொன்னியின் செல்வன்' தொடரை எழுதத் தொடங்கியபோது சோழர் காலத்துத் தமிழிலா எழுதினார்? வார இதழ் வாசகர்களுக்குப் புரியும் உரைநடையில் எழுதினார். அதைக் குறையாக யாரும் சொன்னதில்லை. முதல் பாகத்தின் பின்னணி இசைக்காக ரஹ்மானுக்கு 2024இல் தேசிய விருது அறிவிக்கப்பட்டபோது, அது ஏன் சோழர் இசையாக இல்லை என்ற என் பழைய குறை எனக்கே சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றியது.

முன்னது அப்படியன்று. அவையில் ஒருவன் யாழெடுத்துப் பாடுகிறான் என்று காட்டும்போது, உடையையும் நகையையும் கோட்டையையும் போலவே அந்தப் பாட்டும் 'இப்படித்தான் இருந்தது' என்று சாட்சி சொல்கிறது. அங்கே நவீனமாக ஒலிக்கும் பாட்டு பெரிய தீங்கு செய்வதில்லை. அது இட்டுக்கட்டியது என்று குழந்தைக்கும் தெரியும். 'தேவராளன் ஆட்டம்' பாடலின் வெறியைக் கேட்டு யாரும் அதைக் கடம்பூர் மாளிகையின் ஒலிப்பதிவு என்று நம்பப் போவதில்லை. கச்சேரிப் பாணியில் ஒலிக்கும் பாட்டுதான் ஆபத்தானது. அது பழையதைப் போலவே இருக்கிறது. எனவே பழையதைத் தேட வேண்டிய தேவையையே இல்லாமல் செய்துவிடுகிறது. அந்த நம்பிக்கையில்தான் நான் நண்பரிடம் அவ்வளவு உறுதியாகக் குறை சொன்னேன்.

தேட வேண்டியது ஏராளம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் இராசராசன் திருப்பதியம் பாட 48 பேரையும், உடுக்கை வாசிக்க ஒருவரையும், கொட்டிமத்தளம் வாசிக்க ஒருவரையும் நியமித்து, ஆளுக்கு நாள்தோறும் முக்குறுணி நெல் அளந்த செய்தி இருக்கிறது. ஒவ்வொருவர் பெயரும் இருக்கிறது. 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்களோடு, வங்கியம் ஊதுவோர், வீணை வாசிப்போர், ஆரியம் பாடுவோர், தமிழ் பாடுவோர் என்று இன்னொரு பட்டியலும் உண்டு. 48 குரல்களுக்கு இரண்டே தோற்கருவிகள். எந்தத் திரைப்படமும் இதுவரை அதை நம் காதுக்குக் கற்பனை செய்து தரவில்லை. புதுக்கோட்டை மாவட்டத்துக் குடுமியான்மலையில் 7ஆம் நூற்றாண்டு எழுத்தமைதியில் ஏழு பிரிவுகளாகச் சுரங்கள் பொறிக்கப்பட்ட கல்வெட்டு இருக்கிறது. ஏழில் ஒன்றின் பெயர் சாதாரிதம். விறகாள் பாடிய சாதாரியின் பெயரோடு ஒட்டிய பெயர். பெயர்கள் எல்லாம் கல்லில் பத்திரமாக இருக்கின்றன. ஒலி மட்டும் இல்லை.

*

சில வாரங்கள் கழித்து இதையெல்லாம் நண்பரிடம் சொன்னேன். அவர் 'திருமுறை கண்ட புராணம்' படித்துப் பாருங்கள் என்றார். கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். தில்லையில் பூட்டிய அறையில் செல்லரித்துக் கிடந்த தேவார ஏடுகளைச் சோழ மன்னனும் நம்பியாண்டார் நம்பியும் மீட்டார்கள். நான் மறந்திருந்தது அதற்குப் பிறகு வருவது. ஏடு கிடைத்தது; ஆனால் பண் கிடைக்கவில்லை. எப்படிப் பாடுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. எருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணைத் தேடிக் கண்டு, அவளைக் கொண்டு பண் அடைவு வகுத்தார்கள் என்கிறது புராணம்.

இதை வரலாறு என்று கொள்ள வேண்டியதில்லை. ஆனால் இந்தக் கதையைச் சொன்ன சமூகத்துக்கு ஒன்று தெரிந்திருக்கிறது. சம்பந்தர் பாடியது எப்படி ஒலித்தது என்பது சில நூற்றாண்டுகளிலேயே கைநழுவிப்போகக் கூடியது. அதைத் தெரிந்ததாகப் பாவனை செய்யக் கூடாது. யாரிடமாவது போய்க் கேட்க வேண்டும். பெயர்கூடச் சொல்லப்படாத அந்தப் பெண் தன் காலத்துக் குரலில்தான் பாடியிருப்பாள். அவள் பாடியதும் அன்றைய நிலையில் ஒரு நவீன இசையாகவே இருந்திருக்கலாம். ஆனால் மன்னன் அவளைத் தேடிப் போனான்.

சென்ற மாதம் ஒரு சிவன் கோயிலில் மாலை வேளையில் ஓதுவார் ஒருவர் ஒலிபெருக்கி முன் நின்று பாடிக்கொண்டிருந்தார். சாதாரிப் பண் என்று அறிவித்துவிட்டுப் பாடினார். இன்றைய வழக்கப்படி அது பந்துவராளி. அருகில் சுருதிப்பெட்டி இரைந்துகொண்டிருந்தது. இராசராசன் கேட்டது இதுவா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. சுற்றிலும் ஐந்தாறு பேர்தான் இருந்தோம். பாடி முடிக்கும்வரை நின்று கேட்டுவிட்டு வந்தேன்.