முதலில் கல், அப்புறம்தான் பவளம்

வீட்டில் முதன்முதலாகப் பவளத் தொட்டி வைக்கப் போகிறவருக்கு இன்று எல்லோரும் சொல்லும் யோசனை ஒன்றுதான். உப்புநீரை நிரப்பிக் கல்லை அடுக்குங்கள். ஒரு மாதமோ ஒன்றரை மாதமோ சும்மா இருங்கள். மீனும் வேண்டாம், பவளமும் வேண்டாம். கல் மேல் பழுப்பாக ஏதோ படியும், பிறகு பச்சைப் பாசி வரும், பயப்படாதீர்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் இல்லை என்று சோதனையில் தெரிந்த பிறகு ஒரு மென்பவளம் வாங்கி வையுங்கள்.

காசைக் கொட்டிவிட்டு வெறும் கல்லைப் பார்த்துக்கொண்டு உட்காரணுமா என்று எரிச்சல் வரும். ஆனால் இந்த ஒரு யோசனைக்கு வந்து சேரவே மனிதர்களுக்கு நூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

1846இல் இங்கிலாந்தின் டார்க்கி கடற்கரைக்குப் போன அன்னா தைன் என்ற பெண்மணி சில கிண்ணப் பவளங்களைப் பார்த்து ஆசைப்பட்டு லண்டனுக்கு எடுத்துவந்தார். கணவர் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் பாதிரியார். லண்டனில் கடல் ஏது? பவளங்கள் ஆடாமல் இருக்க ஒரு பெரிய பஞ்சில் ஊசி நூலால் தைத்து வைத்தாராம். கொண்டுவந்த கடல்நீரோ கொஞ்சம், கெட்டுப்போகாமல் அதில் காற்றுக் கலக்க வேண்டும். அதற்காக வீட்டு வேலைக்காரச் சிறுபெண் திறந்த ஜன்னல் முன்னால் நின்று, பாத்திரம் மாற்றிப் பாத்திரமாக, அரைமணி முக்கால்மணி நேரம் நீரை ஊற்றிக்கொண்டே இருந்தாள். களைப்பான வேலைதான், ஆனால் அவளுக்கு அது விளையாட்டுப் போல இருந்தது என்ற பொருளில் 1859இல் வெளியான தன் கட்டுரையில் அந்த அம்மாள் சொல்கிறார். சொல்வது அம்மாள்தான், அந்தப் பெண் அல்ல என்பதையும் நாம் கவனிக்கணும்.

பவளங்கள் பிழைத்தன, பெருகவும் செய்தன. இதில் அதிர்ஷ்டமும் உண்டு. இந்தக் குளிர்கடல் பவளத்தின் உடலுக்குள் பாசி கிடையாது. வெயிலை நம்பி வாழும் வெப்பமண்டலப் பவளமாக இருந்திருந்தால் லண்டன் வீட்டு வெளிச்சத்தில் தாங்கியிருக்காது.

அடுத்த சில ஆண்டுகளில் கடல்தொட்டி ஒரு மோகமாகவே ஆனது. 1853இல் லண்டன் மிருகக்காட்சிசாலையில் பொதுமக்களுக்கான மீன்கூடம் திறந்தது. 1854இல் பிலிப் ஹென்றி காஸ் எழுதிய புத்தகம் வீட்டுக்கு வீடு தொட்டி வைக்கத் தூண்டியது. கூட்டம் உளியும் சுத்தியலுமாகக் கடற்கரைக்குக் கிளம்பியது. பாறைக் குட்டைகள் எப்படிச் சூறையாடப்பட்டன, அதைப் பார்த்து அப்பா எப்படி வருந்தினார் என்று காஸின் மகன் எட்மண்ட் 1907இல் எழுதி வைத்திருக்கிறார். இந்தப் பொழுதுபோக்கின் வரலாற்றில் இந்தக் காட்சி மறுபடியும் வரும்.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு வந்துவிடலாம். விமானத்தில் வெப்பமண்டல மீன்கள் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் வரத் தொடங்கிவிட்டன. அன்றைய நம்பிக்கை, தொட்டியில் எல்லாம் சுத்தமாக இருக்கணும் என்பது. பவளத்தை வெளுத்து, அதன் எலும்புக்கூட்டை அலங்காரமாக வைத்தார்கள். மீனுக்கு நோய் வந்தால் செம்பு மருந்து. அதில் மீன் பிழைக்கும், பவளமும் இறாலும் சாகும். மணலுக்கு அடியில் வடிகட்டித் தட்டு. இதில் உயிருள்ள பவளம் வாழாததில் ஆச்சரியம் ஒண்ணும் இல்லை.

இதற்கு நேர் எதிராக ஜகார்த்தாவில் ஒருவர் வேலை செய்துகொண்டிருந்தார். பெயர் லீ சின் எங். அவர் கடலிலிருந்து கல்லை எடுத்தார், ஆனால் வெளுக்கவில்லை. புழு, கடற்பஞ்சு, பாசி, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர் எல்லாவற்றோடும் அப்படியே தொட்டியில் வைத்தார். கடல்நீர், வெயில், மெல்லிசாக ஒரு காற்றுக்குமிழி. அவ்வளவுதான், வடிகட்டி கிடையாது. அதில் பவளம் வாழ்ந்தது. 1961இல் ‘டிராபிகல் ஃபிஷ் ஹாபியிஸ்ட்’ என்ற அமெரிக்க இதழில் இதை எழுதினார்.

மேற்கு நாடுகளில் செய்து பார்த்தவர்களுக்குச் சரிவரவில்லை. தூரத்திலிருந்து வந்து சேரும் கல்லில் இருந்த உயிர்கள் வழியிலேயே செத்திருக்கும். தொட்டியில் போட்டால் அழுகி நாறும். பக்கத்திலேயே கடல் இருக்கிறவருக்கு எல்லாம் நடக்கும் என்று சொல்லிவிடுவது சுலபம். அதில் பாதி உண்மையும்தான். மீதிப் பாதி கல்லுக்குள் இருந்தது.

மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைக் கல்லின் மேல்பரப்பில் இருக்கும் பாக்டீரியாக்கள் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். மணலடி வடிகட்டியும் இதுவரை செய்துவிடும், அதோடு நின்றும்விடும். அதனால் நைட்ரேட் சேர்ந்துகொண்டே போகும். நுண்துளைகள் நிறைந்த கல்லிலோ, ஆக்சிஜன் எட்டாத ஆழத்தில் வேறு பாக்டீரியாக்கள் அந்த நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றுக்கே அனுப்பிவிடும். ஒரே கல், இரண்டு தொழிற்சாலை. வெளுத்த எலும்புக்கூட்டை வாங்கிவைத்தவர்கள் இந்தத் தொழிற்சாலையைக் கொன்றுவிட்டு, கட்டடத்தை மட்டும் ரசித்துக்கொண்டிருந்தார்கள்.

1970, 80களில் ஜெர்மன் ஆர்வலர்கள் இதே உயிருள்ள கல்லோடு மூன்றைச் சேர்த்தார்கள். அழுக்கை நுரையாக்கி வெளியேற்றும் ஸ்கிம்மர், பலமான விளக்கு, பவளத்துக்குக் கால்சியம் கொடுக்கச் சுண்ணாம்புத் தெளிவு. ஆமாம், நம் வீட்டுச் சுண்ணாம்பு ஜாதிதான். இதற்குப் ‘பெர்லின் முறை’ என்று பெயர் நிலைத்தது. ஸ்கிம்மர் பெரிய சேர்மானம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அடித்தளத்தில் இருப்பது லீயின் கல். பெயர் சூட்டும்போது அந்த ஊர் விட்டுப்போயிற்று.

முதல் தொட்டிக்கு மென்பவளம் ஏன்? அதற்குக் கெட்டியான சுண்ணாம்புக்கூடு கிடையாது, அதனால் கால்சியம் கணக்கு அவ்வளவு கறாராக வேண்டியதில்லை. நைட்ரேட் கொஞ்சம் ஏறினாலும் பொறுத்துக்கொள்ளும். தோல்பவளம் என்பதைக் கத்தரியால் வெட்டிக் கல்லில் கட்டினால் துண்டும் வளரும். சில நாள் சுருங்கி, மெழுகுபோலப் பளபளக்கும் தோலை உரிக்கும். செத்துவிட்டதென்று நினைத்து எடுத்து எறிந்துவிடாதீர்கள். சாது என்றும் நம்ப வேண்டாம். பக்கத்துப் பவளத்தை ஒடுக்க நீரில் வேதிப்பொருள் கசியவிடும்.

கல்லுக்குத் தேவை கூடியதும் காஸ் காலத்துக் காட்சி திரும்பியது. ஃபிஜி, இந்தோனேசியா கடல்களிலிருந்து உயிர்க்கல் பெட்டி பெட்டியாக ஏற்றுமதியானது. கடலிலிருந்து பவளக்கல்லை எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு நமக்கு வெளியூர் சாட்சி தேவையில்லை. மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பவளப்பாறை வெட்டி வெட்டி, பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போயின. அங்கே பவளத்தை எரித்துச் சுண்ணாம்பாக்கினார்கள். பெர்லின்காரர்கள் சுண்ணாம்பைக் கரைத்துப் பவளம் வளர்த்தார்கள்.

இந்தியாவில் 2001 முதல் பாறை கட்டும் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, புலிக்கு இருக்கும் அதே அட்டவணை. ராமேஸ்வரம் போனபோது கரையில் கிடந்தது என்று ஒரு துண்டைப் பையில் போட்டுக்கொண்டு வருகிற வேலை வேண்டாம். இப்போது பல நாடுகளில் தொடக்கக்காரர்கள் வைப்பது தரையில் வெட்டிய பழைய சுண்ணக்கல் அல்லது செயற்கைக் கல். பாக்டீரியாவைப் புட்டியில் வாங்கி ஊற்றுகிறார்கள். லீயின் கல் முதல் நாளே உயிரோடு வந்தது. இது செத்த கல், உயிர் ஏறணும். அந்த ஒன்றரை மாதக் காத்திருப்பு அதற்குத்தான்.