இந்தியா (வார இதழ்)

சென்னையில் 1906இல் தொடங்கி, 1908இல் புதுச்சேரிக்கு இடம்பெயர்ந்த தமிழ் அரசியல் வார இதழ். எழுதி நடத்தியவர் பாரதியார். பதிவேட்டில் ஆசிரியராக இருந்த சீனிவாசன் ராஜத்துரோகக் குற்றத்துக்காகச் சிறை சென்றார். கைதாகும் நிலையிலிருந்த பாரதி, பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியை அடைந்தார். 1908 அக்டோபரில் இதழ் அங்கிருந்து மீண்டும் வெளிவந்தது.

சிவப்புத் தாள், முகப்பில் பெரிய கருத்துப்படம். எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கும் படம் சேதி சொல்லிவிடும். தமிழ் இதழியலில் அரசியல் கருத்துப்படத்துக்கு வழி திறந்தது இதுவே.

புதுச்சேரியில் அச்சிடத் தடையில்லை. ஆனால் வாசகர்களில் பெரும்பாலோர் எல்லைக்கு அப்பால், பிரிட்டிஷ் இந்தியாவில் இருந்தார்கள். ஆகவே பிரிட்டிஷ் அரசு அச்சுக்கூடத்தை விட்டு வழியை மறித்தது. இதழ் உள்ளே வரத் தடை விதிக்கப்பட்டது. தபாலில் வந்த பிரதிகள் பறிமுதலாயின. வாசகரை இழந்த இதழ் 1910 மார்ச்சில் நின்றது. அவ்வாண்டின் அச்சகச் சட்டம் பறிமுதலை இன்னும் எளிதாக்கியது. பாரதியின் ‘கனவு’, ‘ஆறில் ஒரு பங்கு’ ஆகிய நூல்களையும் சென்னை அரசு 1911இல் தடை செய்தது. முன்னது தன் வாழ்க்கையைச் சொல்லும் கவிதை. பின்னது ஒரு கதை.