கடமையாக வந்து உரிமையாக நின்றது: சில்க்போர்க் வட்டாரத்தில் கிறிஸ்தவ வீட்டுக்கல்வியின் வரலாறு

டென்மார்க்கின் கல்விச் சட்டம் ஒரு சொல்லில் நிற்கிறது: உண்டர்வீஸ்னிங்ஸ்ப்ளிக்ட். பிள்ளைக்குக் கற்பித்தாக வேண்டும் என்ற கடமை என்பது அதன் பொருள். பள்ளிக்கு அனுப்பியாக வேண்டும் என்று அந்தச் சொல் சொல்லவில்லை. தெற்கே எல்லையைத் தாண்டி ஜெர்மனிக்குள் போனால் பள்ளிக்கு அனுப்புவதே கடமை. சமய நம்பிக்கையைக் காரணம் காட்டி வீட்டில் கற்பிக்க அங்கே வழியில்லை. சுவீடனும் 2010இல் இயற்றிய பள்ளிச் சட்டத்தால் அந்தக் கதவைச் சாத்திவிட்டது. இரண்டுக்கும் நடுவில் உள்ள டென்மார்க்கில் மட்டும் பெற்றோர் நகராட்சிக்கு எழுதிக் கொடுத்துவிட்டுத் தம் பிள்ளைகளுக்குத் தாமே கற்பிக்கலாம். யூட்லாந்துத் தீபகற்பத்தின் நடுவே, ஏரிகளும் குடெனோ ஆறும் சூழ்ந்த சில்க்போர்க்கில் வாழும் ஒரு கிறிஸ்தவக் குடும்பம் காலை ஜெபத்தை முடித்த மேசையிலேயே கணக்குப் பாடத்தைத் தொடங்கலாம், சட்டம் தடுக்காது.

இதை இக்காலத் தனிமனித உரிமைகளில் ஒன்றாக எண்ணுவோர் பலர். அந்த எண்ணம் சரியல்ல என்பதே இக்கட்டுரையின் வாதம். வீட்டில் கற்பிப்பது முதலில் வீட்டின்மேல் சுமத்தப்பட்ட கடமை. அந்தக் கடமையை அரசு பள்ளிக்கூடத்துக்கு மாற்ற முயன்றபோது, அதை விட்டுக்கொடுக்க மறுத்த குடியானவர்களின் பிடிவாதத்தில்தான் அது உரிமையாக மாறியது. அந்தப் போராட்டத்தின் முக்கியக் களம் சில்க்போர்க்குக்குத் தெற்கே, அரை நாளில் குதிரையில் போய்ச் சேரக்கூடிய கிராமங்கள்.

தொடக்கம் 1529இல் வந்த லுத்தரின் சிறிய ஞானோபதேசம். வீட்டுத் தலைவன் தன் வீட்டாருக்கு எளிமையாகச் சொல்லிக்கொடுக்க வேண்டிய முறையில் என்ற குறிப்போடுதான் அதன் பகுதிகள் தொடங்குகின்றன. பத்துக் கட்டளைகள், விசுவாசப் பிரமாணம், கர்த்தருடைய ஜெபம் ஆகியவற்றைக் கற்பிக்கும் முதல் ஆசிரியர் தகப்பனார். முதல் வகுப்பறை அடுப்பங்கரை. 1536இல் டென்மார்க் சீர்திருத்தத்தை ஏற்ற பிறகு பேராயர் பேடர் பல்லாடியுஸ் அந்நூலை டேனிஷ் மொழிக்குக் கொண்டுவந்தார். நம் சபைகளில் உபதேசியார் என்று சொல்வோமே, அவருக்கு நிகரானவர் அங்கே ஊர்ப் பிள்ளைகளைக் கூட்டி ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்தார். அவருடைய வேலை வீட்டுக்குத் துணை செய்வது. பொறுப்பு வீட்டிடமே இருந்தது. இதே சிறிய ஞானோபதேசத்தைப் பிற்பாடு சீகன்பால்கு தமிழாக்கினார். தமிழ் லுத்தரன் குடும்பங்களில் சாயங்கால ஜெபத்தின் நடுவே தாத்தா கேள்வி கேட்க, பேரப்பிள்ளைகள் பதில் சொன்ன வழக்கத்துக்கும் யூட்லாந்துக் குடியானவர் வீட்டு வழக்கத்துக்கும் வேர் ஒன்றுதான்.

1706இல் தரங்கம்பாடி வந்து சேர்ந்த சீகன்பால்குவை அனுப்பியவர் அரசர் நான்காம் பிரெடரிக். அவரே 1721இல் தம் குதிரைப்படை நிலங்களில் 240 பள்ளிகளைக் கட்டத் தொடங்கினார். அந்தப் படைவட்டங்களில் ஒன்று சில்க்போர்க்குக்கு அண்டையிலுள்ள ஸ்காண்டர்போர்க். அங்கே வாசிப்பும் கிறிஸ்தவ போதனையும் இலவசம். எழுத்தும் கணக்கும் வேண்டுமென்றால் காசு கொடுக்க வேண்டும். இந்த ஏற்பாட்டைப் படிக்கும்போது அக்காலக் கல்வியின் நோக்கம் தெளிவாகிறது. எழுதுவது பிழைப்புக்கு, வாசிப்பது மீட்புக்கு. தரங்கம்பாடியிலும் ஸ்காண்டர்போர்க்கிலும் ஒரே அரசர், ஒரே நோக்கம் என்பதைத் தமிழ்க் கிறிஸ்தவ வரலாற்றை எழுதுவோர் இன்னும் போதிய அளவு சேர்த்துப் பார்க்கவில்லை என்பது என் கருத்து.

அடுத்து வந்த ஆறாம் கிறிஸ்டியன் ஆழ்ந்த பக்தி இயக்கத்தைச் சேர்ந்தவர். 1736இல் திடப்படுத்தல் எல்லோருக்கும் கட்டாயமானது. அதைப் பெறாதவருக்குத் திருமணமும் இல்லை. எனவே எல்லாப் பிள்ளைகளும் கற்றாக வேண்டும் என்ற நிலை வந்தது. 1737இல் எரிக் பொன்டோப்பிடான் அதற்கென ஒரு விளக்க நூலைக் கொண்டுவந்தார். 759 கேள்விகள், 759 பதில்கள். 1739இல் பள்ளி ஆணை. 1741இல் இன்னோர் ஆணை: போதகர் அறியாமல் வீடுகளில் கூடி ஜெபக்கூட்டம் நடத்தக்கூடாது. ஒரே அரசர் ஒரு கையால் வீட்டாரை வாசிக்க வைத்தார். மறு கையால், வாசித்தவர்கள் அண்டை வீட்டாரோடு கூடிப் பேசுவதைத் தடுத்தார். சொந்தக் குடும்பத்துக்குள் நடக்கும் ஜெபத்துக்கு மட்டும் தடையில்லை. இதனால் நம்பிக்கையின் உயிர்ப்பான பகுதி வீட்டுச் சுவர்களுக்குள் வந்து தங்கியது. பின்னால் நடந்தவற்றுக்கு இதுவே விளைநிலம்.

இரண்டு தலைமுறைக்குப் பின் காற்று மாறியது. அறிவொளிக் காலத்துச் சிந்தனை திருச்சபைத் தலைமைக்கும் வந்தது. 1791இல் பேராயர் பல்லேயின் புதிய பாடநூல் பொன்டோப்பிடானின் இடத்துக்கு வந்தது. 1798இல் புதிய பாமாலை ஒன்று, 1699 முதல் மக்கள் பாடிவந்த கிங்கோவின் பாமாலையை விலக்க முற்பட்டது. புதிய நூல்கள் ஒழுக்கத்தையும் நற்குணத்தையும் கூடுதலாகப் பேசின. பாவம், கிருபை, இரத்தத்தால் மீட்பு ஆகியவற்றைக் குறைவாகப் பேசின. தலைநகரில் பலருக்கு இது முன்னேற்றமாகத் தெரிந்தது. சில்க்போர்க்குக்குத் தெற்கே வைலேக்கும் ஹோர்சென்ஸுக்கும் இடைப்பட்ட கிராமங்களில், குறிப்பாக ஓஸ்டர் ஸ்னேட, லோஸ்னிங், கோர்னிங் போன்ற சபைகளில், குடியானவர்களுக்கு அது தாய் தகப்பன் விசுவாசத்தைக் களவு கொடுப்பதாகத் தெரிந்தது.

இவர்களை வரலாறு 'ஸ்டேர்க யூடர்', அதாவது திடமான யூட்லாந்தியர் என்று அழைக்கிறது. கல்லூரி காணாதவர்கள், ஆனால் வேதத்தையும் லுத்தரையும் பொன்டோப்பிடானையும் ஆண்டுக்கணக்காகக் கையில் வைத்து வாசித்தவர்கள். அரசு தந்த வாசிப்பைக் கொண்டே அரசின் புதிய நூலைத் தராசில் வைத்து, எடை குறைவு என்று சொன்னார்கள். கோயிலில் பழைய பாடல்களையே பாடினார்கள். பள்ளியில் பல்லேயின் நூல் சொல்லிக்கொடுக்கப்பட்டால் பிள்ளைகளை வீட்டில் நிறுத்தினார்கள். தண்டம் விதிக்கப்பட்டது, தண்டத்துக்காக உடைமைகள் எடுத்துச் செல்லப்பட்டன, சிலர் சிறையையும் கண்டார்கள். கிளர்ச்சி ஏதும் செய்யாதவர்கள் அவர்கள். வரி கட்டினார்கள், அரசருக்காக ஜெபித்தார்கள், பிள்ளைகளை மட்டும் கொடுக்க மறுத்தார்கள். அவர்களுடைய வீடுகளில் கல்வி நின்றுபோகவும் இல்லை. பழைய நூலை வைத்து, பழைய முறையில், குடும்பத்தின் வேலை நேரத்தோடு பின்னிய கல்வி தொடர்ந்தது. பகலில் வயல், இரவில் கம்பளி நூற்கும் கைகளோடு கேள்வியும் பதிலும். யூட்லாந்தின் நீண்ட குளிர்கால இரவுகள் இதற்கு இடம் தந்தன.

அவர்கள் வாதத்தில் குறுகலும் உண்டு. ஒரு நூலின் ஒவ்வொரு எழுத்தையும் விசுவாசத்தின் எல்லையாக வைப்பது எளிதில் கல்லாக இறுகிவிடும். ஆனாலும் அவர்கள் எழுப்பிய கேள்வி இன்றுவரை மறையவில்லை: பிள்ளையின் ஆன்மாவுக்குக் கணக்குக் கொடுக்க வேண்டியவர் யார்? அவர்கள் சொன்ன பதில், பெற்றோர்.

1814 ஜூலை 29இல் வெளியான பள்ளி ஆணைகள் ஏறத்தாழ ஏழு ஆண்டுக் கல்வியை நாடு முழுவதும் கட்டாயமாக்கின. அதற்குள்ளும் ஓர் இடைவெளி விடப்பட்டது. வீட்டில் கற்பிக்க விரும்பும் பெற்றோர் தெரிவித்துவிட்டு, தேர்வுக்குப் பிள்ளைகளைக் கொண்டுவந்தால் போதும். வசதியுள்ளோர் வீட்டு ஆசிரியர்களை மனதில் வைத்து விடப்பட்ட அந்தச் சிறிய சந்தில்தான் ஏழைக் குடியானவர்களும் நுழைந்தார்கள். திடமான யூட்லாந்தியரும் தமக்கு ஏற்ற ஆசிரியர்களை வைத்துக்கொள்ளப் பின்னாளில் அரசு இணங்கியது.

இந்த வீட்டு வழக்கத்துக்குச் சிந்தனை வடிவம் கொடுத்தவர் என். எஃப். எஸ். க்ருண்ட்விக் (1783–1872). தம் மகன்கள் யோஹானையும் ஸ்வெண்டையும் அவர் இலத்தீன் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கற்க வைத்தார். ஸ்வெண்ட் பின்னாளில் டேனிஷ் நாட்டுப்புறக் கதைப்பாடல்களின் பெருந்தொகுப்பை உருவாக்கியவர். க்ருண்ட்விக்கின் எண்ணத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் கிறிஸ்டன் கோல்ட். 1816இல் வட யூட்லாந்தின் திஸ்டெட்டில் செருப்புத் தைப்பவரின் மகனாகப் பிறந்தவர். வீட்டு ஆசிரியராக இருந்தபோது மனப்பாட முறையைக் கைவிட்டு வேதக் கதைகளைக் கதையாகவே சொன்னார். பல்லேயின் நூலை ஒப்பிக்கவைக்க அவர் மறுத்ததால் அரசுப் பள்ளியில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. ஸ்மிர்னா வரை போய், திரும்பும் வழியில் திரியெஸ்தேயிலிருந்து கைவண்டியை இழுத்துக்கொண்டு கால்நடையாக வந்தார். 1852இல் ஃபூன் தீவின் டால்பியில் பெற்றோர் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அங்கே தேர்வு இல்லை. பள்ளி வீட்டின் நீட்சியாக இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. 1855ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு உறுதியான இடம் தந்தது. வீட்டுக்கல்வியும் பெற்றோர் நடத்தும் சுதந்திரப் பள்ளியும் டென்மார்க்கில் ஒரே தாயின் இரு பிள்ளைகள் என்று சொல்வது இதனால்தான்.

சில்க்போர்க் இந்தக் கதைக்குள் பிந்தி வருகிறது. 1844இல் மிக்கேல் ட்ரெவ்சன் குடெனோவின் நீர்விசையை நம்பிக் காகித ஆலை அமைத்தார். ஆலையைச் சுற்றி எழுந்த குடியிருப்பு 1846இல் வணிக இடமாகி, 1900இல் நகர உரிமை பெற்றது. பழைய வயல் கிராமத்தில் வேலையும் வீடும் ஒன்று. தகப்பன் நாள் முழுவதும் பிள்ளையின் பக்கத்திலேயே இருந்தான். ஆலை நகரில் மணி அடித்ததும் தகப்பன் போய்விட்டான், சில வீடுகளில் பிள்ளையும் போனது. 1873ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் 10 வயதுக்குட்பட்டோரை ஆலைகளில் அமர்த்தத் தடை விதிக்க வேண்டியிருந்ததே நிலைமையைக் காட்டுகிறது. கற்பிக்கும் சுதந்திரம் சட்டத்தில் விரிந்துகொண்டிருந்த அதே பத்தாண்டுகளில், கற்பிக்க வேண்டிய நேரம் வீடுகளிலிருந்து வடிந்துகொண்டிருந்தது. உரிமையின் வரலாற்றை எழுதியவர்கள் பலர். நேரத்தின் இந்த வரலாறும் அதன் பக்கத்தில் எழுதப்பட வேண்டும்.

ஊர் வளர வளரப் பள்ளிகள் வந்தன. தியோடோரா லாங் 1882இல் இங்கே தொடங்கிய பெண்கள் பள்ளி, 1896இல் பெண் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் நிறுவனமாகவும் விரிந்தது. அதே காலத்தில் 1861இல் உருவான உள்நாட்டு மிஷன் என்ற திருச்சபை இயக்கம் யூட்லாந்து முழுதும் பரவியது. சாப்பாட்டு மேசையில் நன்றி ஜெபம், இரவுப் படுக்கையில் தாயுடன் சொல்லும் ஜெபம், ஞாயிறு ஓய்வு என்ற ஒழுங்கு பல வீடுகளில் வேரூன்றியது.

இத்தகைய வீடு எப்போதும் விரும்பிய கனியையே தரும் என்று சொல்ல முடியாது. சில்க்போர்க்கின் மிகப் புகழ்பெற்ற ஓவியர் அஸ்கர் யோர்ன் ஆறு பிள்ளைகளுள் ஒருவர். பெற்றோர் இருவரும் ஆசிரியர்கள். தகப்பனார் கண்டிப்பான கிறிஸ்தவர்; யோர்ன் சிறுவனாக இருந்தபோதே வாகன விபத்தில் இறந்தார். தாய் 1929இல் பிள்ளைகளுடன் சில்க்போர்க்குக்கு வந்தார். யோர்ன் இங்கேயே ஆசிரியர் பயிற்சி பெற்று, பின்னர் அந்தக் கண்டிப்பிலிருந்து வெகுதூரம் போனார். ஆனால் தம் பெரும் ஓவியத் தொகுப்பை இந்த ஊருக்கே கொடுத்தார். வீட்டின் விசுவாசத்தைத் துறந்தவர், வீடிருந்த ஊரைத் துறக்கவில்லை.

1915ஆம் ஆண்டு அரசியலமைப்பில், தாமே தகுந்த கல்வி கொடுக்கும் பெற்றோர் பிள்ளைகளைப் பொதுப்பள்ளிக்கு அனுப்பக் கடமைப்பட்டவர்கள் அல்லர் என்ற வரி சேர்ந்தது. 1953 அரசியலமைப்பின் 76ஆம் பிரிவில் அது இன்றும் இருக்கிறது. பெற்றோரின் உரிமை எதுவரை செல்லும் என்ற கேள்வி 1970இல் எழுந்தது. அந்த ஆண்டு பொதுப்பள்ளிகளில் பாலியல் கல்வி கட்டாயமாகப் பாடங்களோடு இணைக்கப்பட்டபோது, வர்டே, ஓபென்ரோ, ஓல்போர்க் ஆகிய யூட்லாந்து நகரங்களைச் சேர்ந்த மூன்று கிறிஸ்தவத் தம்பதியர் ஸ்ட்ராஸ்பூர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார்கள். ஒரு தம்பதியர் தங்கள் மகளுக்குச் சில காலம் வீட்டிலேயே கற்பித்தவர்கள். 1976 டிசம்பர் 7இல் வந்த தீர்ப்பில் அவர்கள் தோற்றார்கள். பாடம் குறிப்பிட்ட கொள்கையைத் திணிக்கவில்லை என்பது தீர்ப்பின் முதன்மைக் காரணம். டென்மார்க்கில் மானியம் பெறும் தனியார் பள்ளியும் வீட்டுக்கல்வியும் திறந்தே இருக்கின்றன என்பதையும் நீதிபதிகள் குறிப்பிட்டார்கள். பழைய குடியானவர்கள் வென்றெடுத்த வாசல் திறந்திருந்ததே இவர்கள் வழக்கின் பலத்தைக் குறைத்தது.

2014இல் பொதுப்பள்ளியின் வாரம் நீண்டது: சிறு வகுப்புகளுக்கு 30 மணி நேரம், மேல் வகுப்புகளுக்கு 35. தாயும் தகப்பனும் வேலைக்குப் போகும் நாட்டில், ஒரு வயதிலேயே குழந்தைக் காப்பகத்துக்குப் போகும் பிள்ளைக்கு, வீட்டாரோடு கழிக்கும் விழிப்பான நேரம் மேலும் சுருங்கியது. இன்று வீட்டுக்கல்வியைத் தேர்வதற்குக் கொடுக்க வேண்டிய விலை பெரும்பாலும் ஒரு சம்பளம். சுதந்திரப் பள்ளிக்கு அரசு மானியம் உண்டு. வீட்டில் கற்பிப்பவருக்கு எதுவும் இல்லை. திடமான யூட்லாந்தியருக்கு உரிமை இல்லை, நேரம் இருந்தது. அவர்களுடைய வழித்தோன்றல்களுக்கு உரிமை இருக்கிறது. நேரத்தை விலைகொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது.

சில்க்போர்க்குக்கு மேற்கே ஹெர்னிங்கிலும் தென்மேற்கே பிராண்டேயிலும் 1980களிலிருந்து குடியேறிய ஈழத் தமிழர், கற்பிக்கும் பொறுப்பு வீட்டின்மேல் விழுவதை வேறொரு வழியில் அறிந்தவர்கள். 2002இல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலுள்ள மொழிகளுக்குத் தாய்மொழி வகுப்பு நடத்தும் கடமையிலிருந்து நகராட்சிகள் விடுவிக்கப்பட்டன. அதன்பின் தமிழைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பொறுப்பு வீட்டின்மேலும் வார இறுதி வகுப்புகளின்மேலும் முன்னிலும் அதிகமாக விழுந்தது. அவர்களிடையே உள்ள கிறிஸ்தவக் குடும்பங்களில் இரவு ஜெபமே அன்றைய தமிழ்ப் பாடமாகவும் ஆகிவிடக்கூடும். லுத்தர் வீட்டுத் தலைவனிடம் ஒப்படைத்த வேலை அங்கே அம்மாவின் குரலில் நடக்கிறது.

சில்க்போர்க்கில் வீட்டில் கற்பிக்க விரும்பும் பெற்றோர் தொடங்கும் முன்பே நகராட்சிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். நகராட்சி ஆண்டுக்கு ஒரு முறை பிள்ளையைச் சோதிக்கலாம். கல்வி போதாது என்று கண்டால் மூன்று மாதத்தில் மறுசோதனை. அதிலும் குறை இருந்தால் பிள்ளை பள்ளிக்குப் போக வேண்டும். சோதிக்கப்படும் பாடங்களைச் சட்டமே பெயர் சொல்லிக் குறிக்கிறது: டேனிஷ், கணக்கு, ஆங்கிலம், வரலாறும் சமூகமும், பிறகு இயற்கை அறிவியல் சார்ந்த பாடங்கள். 759 கேள்விகளுக்காகப் பிறந்து, ஒரு ஞானோபதேச நூலுக்காகத் தண்டமும் சிறையும் கண்டு நிலைத்த இந்த உரிமையைச் சோதிக்க வரும் அலுவலர், அந்தப் பட்டியலின்படி, விசுவாசத்தைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்பதில்லை.