பாலிங் 1955: வாக்குப்பெட்டியும் சமாதான மேசையும்

1955 டிசம்பர் 28 ஆம் நாள், கெடா மாநிலத்தின் பாலிங் என்னும் சிற்றூரில், ஓர் ஆங்கிலப் பள்ளியின் வகுப்பறையில் ஆறு பேர் எதிரெதிரே அமர்ந்தனர். ஒருபுறம் மலாயாக் கூட்டரசின் முதலமைச்சர் துங்கு அப்துல் ரஹ்மான், சிங்கப்பூர் முதலமைச்சர் டேவிட் மார்ஷல், மலாயாச் சீனர் சங்கத் தலைவர் டான் செங் லாக். மறுபுறம் காட்டிலிருந்து வந்த மலாயாக் கம்யூனிஸ்டுக் கட்சியின் பொதுச்செயலாளர் சின் பெங், அவருடைய தோழர்கள் சென் தியன், ரஷீத் மைடின். நம் வகுப்பறைகளில் பாலிங் பெரும்பாலும் ஒரு தேதியாகவும் ஒரு தோல்வியாகவும் மட்டும் கடந்துபோகிறது. தேர்தலில் வென்றவர்கள் ஆயுதமேந்தியவர்களோடு பேச அமரும்போது உண்மையில் எதைக் கொண்டு பேசுகிறார்கள் என்ற கேள்வியோடு அந்த இரண்டு நாள்களை நாம் மீண்டும் பார்க்க விரும்புகிறோம்.

போரின் தொடக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1948 ஜூன் 16 அன்று பேராவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டனர், அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. காட்டோரங்களில் வாழ்ந்த ஏறத்தாழ ஐந்து லட்சம் மக்கள், பெரும்பாலும் சீனர்கள், முள்வேலியிட்ட புதுக்கிராமங்களுக்குப் பெயர்க்கப்பட்டனர். தமிழர் வாழ்விலும் இக்காலம் ஆறாத தழும்பை விட்டுச் சென்றது. தோட்டப்புறத்துத் தொழிற்சங்க இயக்கம் நொறுங்கியது. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராயிருந்த எஸ். ஏ. கணபதி, துப்பாக்கி வைத்திருந்த குற்றத்திற்காக 1949 மே 4 அன்று தூக்கிலிடப்பட்டார். அதற்கு முந்தைய நாள் தொழிற்சங்கத் தலைவர் வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்.

இத்தகைய நாட்டில்தான் 1955 ஜூலை 27 அன்று முதல் கூட்டரசுத் தேர்தல் நடந்தது. அம்னோ, மலாயாச் சீனர் சங்கம், மலாயா இந்தியர் காங்கிரஸ் ஆகிய மூன்றும் இணைந்த கூட்டணி 52 இடங்களுள் 51 இடங்களை வென்றது. எஞ்சிய ஒன்று இஸ்லாமியக் கட்சிக்குச் சென்றது. வென்றோருள் ஒருவரான வீ. தி. சம்பந்தன் தொழிலாளர் அமைச்சரானார்.

இந்த வெற்றியின் அளவைக் கண்டு மயங்கிவிடலாகாது. பதிவு செய்துகொண்ட வாக்காளர் ஏறத்தாழ 12 லட்சத்து 80 ஆயிரம் பேர். அவர்களுள் 84 விழுக்காட்டினர் மலாய்க்காரர். சீனர் ஏறத்தாழ 11 விழுக்காட்டினர். இந்தியர் அதனினும் குறைவு. மக்கள்தொகையிலோ சீனர் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருந்தனர். குடியுரிமைச் சட்டம் இவ்வாறு வாக்குரிமையைக் குறுக்கியிருந்தது. போரின் சுமையை மிகுதியாகச் சுமந்த புதுக்கிராம மக்களுள் பெரும்பாலோர் வாக்குப்பெட்டியின் அருகிலேயே வரவில்லை என்பதை நாம் மறக்கக்கூடாது. ஆயினும், மலாய் வாக்காளர் மிகுந்த தொகுதிகளில் நின்ற சீன, இந்திய வேட்பாளர்களும் வென்றார்கள். அவ்வகையில் இத்தேர்தல் எவரும் எளிதில் எதிர்பாராத ஒன்றைச் செய்து காட்டியது.

பொதுமன்னிப்பு அளித்துப் போரை முடிப்போம் என்பது கூட்டணியின் தேர்தல் வாக்குறுதிகளுள் ஒன்று. செப்டம்பர் 9 ஆம் நாள் மன்னிப்பு அறிவிக்கப்பட்டது. அம்மாத இறுதியில் துங்குவைச் சந்திக்க விரும்புவதாகச் சின் பெங் கடிதம் எழுதினார். அக்டோபரிலும் நவம்பரிலும் கிளியான் இந்தானில் முன்னேற்பாட்டுச் சந்திப்புகள் நடந்தன. பிரிட்டிஷார் இதனை விரும்பவில்லை. காட்டிலுள்ளோருக்கு இது மதிப்பைத் தேடித் தரும் என்று அஞ்சினர். துங்கு ஏதேனும் விட்டுக்கொடுத்துவிடுவாரோ என்ற கவலையும் அவர்களுக்கு இருந்தது. நவம்பர் இறுதியில் அவர்கள் ஓர் அறிவிப்பு வெளியிட்டனர்: அவசரகாலம் நீடித்தாலும் தன்னாட்சிக்கு அது தடையாகாது. நம் கருத்தில், பாலிங்கின் முடிவைப் பெரிதும் தீர்மானித்தது இவ்வறிவிப்பே. விடுதலைக்கு அமைதி முன்நிபந்தனை என்றிருந்தவரை சின் பெங்கின் கையில் ஒரு துருப்பு இருந்தது. அது அவர் காட்டைவிட்டு வெளிவருமுன்னரே பறிபோய்விட்டது.

காட்டோரத்தில் சின் பெங்கை வரவேற்றவர் ஜான் டேவிஸ். ஜப்பானியர் காலத்தில் அதே காடுகளில் சின் பெங்கோடு தோளோடு தோள் நின்ற பிரிட்டிஷ் அதிகாரி அவர். அக்காலத்துப் பணிக்காகச் சின் பெங்கிற்குப் பிரிட்டிஷ் அரசு ஓ.பி.இ. விருதும் அளித்திருந்தது.

மேசையில் கம்யூனிஸ்டுகள் கேட்டவை இரண்டே: கட்சிக்குச் சட்ட ஏற்பு வேண்டும்; ஆயுதத்தைக் கீழே வைப்போரை விசாரணைக்கும் தடுப்புக்காவலுக்கும் உட்படுத்தக்கூடாது. துங்கு இரண்டையும் மறுத்தார். அமைதி வேண்டுமானால் இரு தரப்பில் ஒன்று பணிந்தாக வேண்டும் என்று ஒளிவுமறைவின்றிக் கூறினார். சரணடைவது இழிவு, அதைவிடக் கடைசி மனிதன் வரை போரிடுவோம் என்பது சின் பெங்கின் விடை. மார்ஷல் வழக்கறிஞருக்கே உரிய கூர்மையோடு குறுக்குக் கேள்விகள் தொடுத்தார். அவரும் அவ்வாண்டு ஏப்ரலில்தான் தேர்தல் வழியே பதவிக்கு வந்தவர்.

பேச்சின் உயிரான பகுதி இதற்கிடையில் வந்தது. நீங்கள் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், அதனாலேயே வந்தோம். ஆனால் உங்கள் அரசு இன்னும் விடுதலை பெற்ற அரசு அன்று என்பதே சின் பெங் தரப்பின் வாதம். அது உண்மையுங்கூட. படையும் உள்நாட்டுப் பாதுகாப்பும் பிரிட்டிஷ் உயர் ஆணையரிடம் இருந்தன. அவ்வதிகாரங்கள் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசின் கைக்கு வருமாயின் பகைமையை நிறுத்தி ஆயுதத்தைக் கைவிடுவோம் என்றார் சின் பெங். இது வாக்குறுதியா என்று வினவி, ஆம் என்ற விடையைப் பெற்றுக்கொண்டார் துங்கு. எதிர்த்தரப்பு வைத்த நிபந்தனையை அப்படியே எடுத்துக்கொண்டு இலண்டனுக்கு விமானம் ஏறும் நுண்ணறிவு அவரிடம் இருந்தது. காட்டுக்குள் திரும்பும் வழியில் தமக்குத் தீங்கு நேராது என்று அளிக்கப்பட்ட உறுதி காப்பாற்றப்பட்டது. சின் பெங் வந்த வழியே சென்றார்.

1956 ஜனவரியில் தொடங்கிய இலண்டன் மாநாட்டில் துங்குவின் குழு உள்நாட்டுப் பாதுகாப்புப் பொறுப்பையும், 1957 ஆகஸ்டுக்குள் விடுதலை என்னும் இலக்கையும் பெற்றது. பாலிங்கே மெர்டேக்காவுக்கு நேராக இட்டுச் சென்றது என்ற கருத்தைத் துங்கு பிற்காலத்தில் எழுதினார். மார்ஷலுக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. அதே ஆண்டில் இலண்டனில் சிங்கப்பூருக்குத் தன்னாட்சி பெற முயன்று தோற்று, ஜூன் மாதம் பதவி விலகினார். அப்போது சிங்கப்பூரில் அமைதிப் பேச்சைக் காட்டி எதையும் கேட்க முடியாது. நிலம் வேறு, கணக்கும் வேறு.

சின் பெங் கேட்ட நிபந்தனை நிறைவேறியும் துப்பாக்கிகள் கீழே வைக்கப்படவில்லை. வாக்குத் தவறியவர் யார் என்ற வழக்கு இன்றும் தீரவில்லை. 1956 பிப்ரவரியில் பொதுமன்னிப்புத் திரும்பப் பெறப்பட்டதையும், கட்சிக்குச் சட்ட ஏற்பு இறுதிவரை கிட்டாததையும் ஒரு சாரார் காட்டுவர். விடுதலைக்குப் பின்னும் எந்த அந்நியனை எதிர்த்துப் போர் என்று மறுசாரார் கேட்பர். இரண்டாம் கேள்விக்கே வலு மிகுதி என்று நாம் கருதுகிறோம். மெர்டேக்காவுக்குப் பின் காட்டிலிருந்தோர் எண்ணிக்கை தேய்ந்ததும் அதனால்தான். அவசரகாலம் 1960 ஜூலை 31 அன்று முடிவுற்றது. ஆயினும் தாய்லாந்து எல்லையில் எஞ்சியோர் ஆயுதத்தோடு மேலும் ஒரு தலைமுறைக் காலம் இருந்தனர்.

1989 டிசம்பர் 2 அன்று தாய்லாந்தின் ஹாட்யாய் நகரில் மீண்டும் ஒரு மேசை போடப்பட்டது. பாலிங்கில் அமர்ந்த சின் பெங்கும் ரஷீத் மைடினும் முதியவர்களாக அங்கு இருந்தனர். ஆயுதங்களை அழிக்கவும் படையைக் கலைக்கவும் கட்சி உடன்பட்டது. 34 ஆண்டுகளுக்கு முன் பேச்சை முறித்த ‘சரண்’ என்ற சொல் அவ்வுடன்படிக்கையில் எழுதப்படவில்லை.